நல்ல ஸ்டிக்கர்

என் அக்காவுக்குக் கோபம் வராது. அவளுக்கு வர வேண்டியதும் சேர்ந்து எனக்கு வந்து தொலைக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். எழுதாவிட்டால் யாரையாவது போய் அடித்துவிடுவேன். அடித்தால் என்னை ஜாமீனில் எடுக்கவும் அவள்தான் அலைய வேண்டும்.

அவள் இறால் வளர்க்கிறவள். ஓர் ஏக்கர் குளம், ஒன்பது வருஷமாக. நான் அந்தப் பக்கத்துக் குளங்களுக்கெல்லாம் ஏரேட்டர் பழுது பார்க்கிறவன். ஏரேட்டர் என்றால் தண்ணீரை அடித்து அடித்துக் காற்றேற்றுகிற துடுப்புச் சக்கரம். அது நின்றுபோனால் குளத்து இறால் மொத்தமும் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் எந்தக் குளக்காரர் எப்படிப்பட்டவர், யார் எதைக் கொட்டுகிறார், யார் எதை மறைக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை, அக்கா மாதிரி குளம் பார்க்கிற ஆள் அங்கே வேறு யாரும் இல்லை.

மாமா பஸ் கண்டக்டர். குளத்து வாடை அவருக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் கரைக்கு வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார், இன்றுவரை வரவில்லை. இறால் தட்டில் விழும்போது மட்டும் அந்த மூக்குக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகக் குளத்து வேலை முழுக்க அக்காவின் தலையில்தான். ஒரு நாளைக்கு நாலு வேளை தீவனம். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் தண்ணீருக்குள் இருக்கும் தீவனத் தட்டைத் தூக்கி, எவ்வளவு தின்றிருக்கின்றன, எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பாள். ஒரு இறாலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அதன் குடல் நிறைந்திருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பாள். பெற்ற பிள்ளைகளின் வயிற்றைக்கூட அவள் அப்படிப் பார்த்தது கிடையாது. அந்தப் பிள்ளைகளே சொல்லிச் சிரிப்பார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்து இறாலை வாங்கி ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலையிலிருந்து ஒரு செயலி வந்தது. கடல் தாண்டி விற்கிற பாக்கெட்டில் ஒரு க்யூ.ஆர். கட்டம் அச்சடித்திருப்பார்களாம். வாங்குகிறவர் அதைப் போனில் காட்டினால், அந்த இறால் எந்தக் குளத்தில் வளர்ந்தது, என்ன தின்றது, எப்போது பிடித்தார்கள் என்று எல்லாம் வந்து விழுமாம். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு குறியீடு கொடுத்தார்கள். தினமும் தீவனம், தண்ணீரின் காரத்தன்மை, ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் குளக்காரர் பதிய வேண்டும்.

மற்றவர்கள் எப்படிப் பதிந்தார்கள் என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் நிரப்புவார்கள். ஏழு நாளும் ஒரே அளவு, ஒரே நேரம். அக்கா மட்டும் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கரையிலேயே நின்று பதிவாள். கடைசியில் ‘ரிமார்க்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்புகிற ஒரே பிறவி அவள். ‘நீர்க்காகம் வந்தது. மூன்று போயிருக்கும்.’ ‘மழை. மதியத் தீவனம் பாதி.’ ‘இன்று பதினொன்று செத்தது. காரணம் தெரியவில்லை.’

“ஏங்கா, செத்ததை எல்லாம் யாராவது எழுதுவாங்களா?” என்று ஒரு தடவை கத்தினேன்.

“செத்துச்சேடா” என்றாள்.

தொழிற்சாலையில் அவளுக்கு ‘ரிமார்க்ஸ் அம்மா’ என்று பேர் விழுந்தது. கேலிதான். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள், நானும் திருத்தவில்லை.

இறால் பிடிக்கிற நாளிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பிளாஸ்டிக் பெட்டியில் இறாலும் ஐஸும் நிரப்பி, வெளியே குறியீட்டு ஸ்டிக்கர் ஒட்டி லாரியில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் ஈரக் கையோடு ஈரப் பெட்டியில் ஒரு அறை அறைந்துவிட்டுப் போவார்கள். அக்கா முதல்நாளே பெட்டிகளைக் கழுவிக் காயவைப்பாள். ஸ்டிக்கரை வைத்து, ஸ்பூனின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுவாள். அதற்கு மேல் ஒரு கண்ணாடி டேப். நூற்றைம்பது பெட்டி என்றால் நூற்றைம்பதுக்கும் அப்படித்தான். லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்.

இந்தத் தடவை குஞ்சு விட்ட நூற்றுப் பத்தாவது நாள் இறால் நன்றாகத் தேறியிருந்தது. பிடிக்கத் தேதி கேட்கலாம் என்று செயலியைத் திறந்தாள். திரை சிவப்பாக இருந்தது. ‘குறியீடு முடக்கப்பட்டது’ என்று ஒரு வரி. போன் கெட்டுவிட்டதோ என்று என்னிடம் கொண்டுவந்தாள். நான் அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எந்த இயந்திரத்துக்கும் முதலில் நான் செய்கிற வைத்தியம் அதுதான். சிவப்பு போகவில்லை.

கொள்முதல்காரருக்குப் போன் செய்தோம். குளத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே லாரி அனுப்புகிறவர் அவர்.

“அம்மா, உங்க இறால்ல தடை பண்ணின ஆன்டிபயாட்டிக் இருந்துச்சாம். வெளிநாட்டுல இருந்து ஒரு கன்டெய்னரையே திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க குறியீடுதான் காட்டுது. இனிமே உங்ககிட்ட யாரும் வாங்க முடியாது.”

“நான் ஒரு சொட்டுகூடப் போடலையே” என்றாள் அக்கா.

“எனக்குத் தெரியும்மா. ஆனா சிஸ்டம் சொல்லுதே.”

அவர் வைத்துவிட்டார். அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

எங்களுக்கு என்ன அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று குளம் தள்ளி வெள்ளைப்புள்ளி நோய் வந்திருந்தது. வந்தால் மூன்று நாலு நாளில் குளம் காலி. செத்த இறாலைக் காக்கை கொத்திக்கொண்டு பறக்கும், அடுத்த குளத்தில் போடும், அங்கேயும் பற்றிக்கொள்ளும். உடனே பிடித்தால் பிழைக்கலாம். பிடித்த நாலு டன்னை எங்கே கொடுப்பது? பக்கத்து மார்க்கெட் ரெண்டு கூடை வாங்கும். மற்ற கொள்முதல்காரர்கள் எல்லோரும் அதே செயலியைப் பார்க்கிறவர்கள். சிவப்புக் குறியீட்டுக் குளத்து வரப்பில்கூட அவர்கள் லாரி நிற்காது.

மறுநாள் காலை இரண்டு பேரும் தொழிற்சாலைக்குப் போனோம். வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். தரப்பிரிவு மேலாளரின் அறை குளிர்சாதனத்தில் பற்கள் தந்தியடிக்கிற மாதிரி இருந்தது. நல்ல மனிதர் போலத்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

“உட்காருங்கம்மா. ரிமார்க்ஸ் அம்மாதானே நீங்க?” என்று சிரித்துவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க. உங்க போன அறுவடைக்கு அப்புறம் மூணு மாசத்துல உங்க குறியீட்டுல முப்பத்தோரு டன் வந்திருக்கு.”

“எத்தனை?” என்றேன் நான்.

“முப்பத்தோரு டன்.”

அக்கா திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். “சார், என் குளம் ஒரு ஏக்கர். தண்ணிக்குப் பதிலா வெறும் இறாலையே நிரப்பினாத்தான் அவ்வளவு வரும். அந்த மூணு மாசத்துல முதல் மாசம் குளம் காஞ்சு கிடந்துச்சு. நானே பதிஞ்சிருக்கேன். காய்ஞ்ச குளத்துல இருந்து எப்படி சார் இறால் வரும்?”

“நீங்க வேற யாருக்காவது குறியீடு குடுத்திருப்பீங்க. நிறையப் பேர் பண்றதுதான்.”

“காய்ஞ்ச குளம்னு நான் எழுதினதை யாரும் பார்க்கலையா?”

“ரிமார்க்ஸை எல்லாம் யாரும்மா படிக்கிறாங்க?”

நாலு வருஷம். ஆயிரத்துச் சொச்சம் நாள் வெயிலில் நின்று விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறாள். ‘யாரும்மா படிக்கிறாங்க.’ நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

வேறு வழியில்லை, தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன், வெளியே இருங்கள் என்றார் மேலாளர். வெளியே என்றால் இறக்குமிடத்தை ஒட்டிய ஒரு பெஞ்சு. இறக்குமிடம் பெரிய கொட்டகை. லாரிகள் பின்பக்கமாக வந்து முட்டி நிற்கும், பெட்டிகள் சறுக்கிக்கொண்டு இறங்கும், தரையெல்லாம் ஐஸ் தண்ணீர் கணுக்கால் உயரத்துக்கு ஓடும். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் கையில் ஸ்கேனரோடு நின்று, ஒவ்வொரு பெட்டியின் ஸ்டிக்கரையும் காட்டிக் காட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். படித்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தம். படிக்காவிட்டால் சிவப்பு விளக்கு.

பாதிக்கு மேல் சிவப்புதான். ஊறிப்போன ஸ்டிக்கர், கிழிந்தது, மை வழிந்தது. சிவப்பு வந்தால் அந்தப் பெண் யோசிப்பதே இல்லை. அப்படியே திரும்பி, பக்கத்துத் தூணில் எதையோ ஸ்கேன் செய்வாள். பீப். பெட்டி உள்ளே போகும். அடுத்தது சிவப்பு. மறுபடி தூண். பீப்.

அக்கா எழுந்து போனாள். நானும் போனேன். தூணில் முகத்துக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. அதற்குள் ஒரு ஸ்டிக்கர்.

“இது எதுக்கும்மா?” என்று அக்கா கேட்டாள்.

யாரோ பார்வையாளர் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் கையை நிறுத்தாமலே சொன்னாள். “அதுவா, நல்ல ஸ்டிக்கர். படிக்காததுக்கு எல்லாம் அதைத்தான் அடிப்போம். இல்லன்னா லாரி வரிசை கட்டி நிக்கும், சூப்பர்வைசர் உசுரை எடுத்துருவாரு. யாரோ ஒரு அம்மா ஒட்டினது. எவ்வளவு சுத்தமா ஒட்டியிருக்காங்க பாருங்க, டேப்போட அப்படியே உரிச்சு எடுத்தோம், ஒரு கோடு போகல. எத்தனை மாசமானாலும் படிக்கும்.”

அக்கா உறைமேல் விரலை வைத்து எண்ணைப் படித்தாள். எனக்கும் மனப்பாடமான எண்தான். குளத்திலிருந்து வாங்கத்தான் அந்த எண்ணுக்குத் தடை போல, ஸ்கேனர் அதை இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தது.

“அது நான் ஒட்டினதும்மா” என்றாள்.

அந்தப் பெண்ணின் கை அப்போதுதான் நின்றது.

நான் மேலாளர் அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஐஸ் தண்ணீரில் இரண்டு தடவை விழுந்து எழுந்து ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். “அப்படியா, வரேன்” என்றார். வரவில்லை. யாருக்கோ போன் பேசினார். மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கினார். தண்ணீர் குடித்தார். கால் மணி நேரம் கழித்து என்னோடு நடந்து வந்தார்.

தூணில் ஒன்றும் இல்லை. நாலு மூலையில் பசை மட்டும் பளபளத்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் சூப்பர்வைசர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“எந்த ஸ்டிக்கர்?” என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

எனக்குக் கண் இருண்டுவிட்டது. “இதோ, இந்தத் தூண்ல! பசை தெரியல உங்களுக்கு? இந்தம்மாவைக் கேளுங்க!” என்று ஸ்கேனர் பெண்ணைக் காட்டிக் கத்தினேன். “சொல்லுங்கம்மா, இப்பதானே சொன்னீங்க!”

அந்தப் பெண் சூப்பர்வைசரைப் பார்த்தாள். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தாள். எங்கள் போன்கள் வாசலில் டோக்கன் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு படம் எடுத்திருந்தால் கதையே வேறு.

“விடுடா” என்றாள் அக்கா. “அவளை ஏன் கேக்கிற? அவளும் பிழைக்கத்தானே வந்திருக்கா.”

மறுபடி அந்தக் குளிர் அறை. இப்போது மேலாளர் கதவைச் சாத்தினார், டீ வரவழைத்தார். தப்பு எங்களுடையது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூசி மெழுகுகிறவர்களுக்கென்று ஒரு குரல் இருக்கிறது, அந்தக் குரலில் பேசினார்.

“அம்மா, உங்க கஷ்டம் புரியுது. ஒரு வழி இருக்கு. உங்க பழைய குளம் மூடியாச்சுன்னு போட்டுடுவோம். அதே இடத்துல புதுக் குளம், புதுக் குறியீடு. வரைபடத்துல புள்ளியைக் கொஞ்சம் தள்ளி பம்ப் செட் மேல வெச்சா ஏத்துக்கும். வேற பேர்ல பதியணும், அவ்வளவுதான்.”

“என் வீட்டுக்காரர் பேர்ல போட்டுக்கலாமா?”

“வேண்டாம். ஒரே வீட்டு முகவரின்னா சிஸ்டம் பிடிச்சுடும்.” என் பக்கம் திரும்பினார். “தம்பி வேற முகவரிதானே?”

காய்ந்த குளத்திலிருந்து வந்த முப்பத்தோரு டன்னைப் பிடிக்காத சிஸ்டம், புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருந்தால் பிடித்துவிடுமாம்.

“என் பேர்?” என்று அக்கா கேட்டாள்.

“அது அப்படியேதான் இருக்கும்.”

“சிவப்புலயா?”

“எடுக்கிறதுக்கு வழி வெக்கல அம்மா.”

பஸ் நிறுத்தத்தில் நான் ஆடித் தீர்த்தேன். கேஸ் போடலாம், பத்திரிகைக்குப் போகலாம், வெளிநாட்டுக் கம்பெனிக்கே கடிதம் எழுதலாம், அந்தத் தூணை இடிக்கலாம். அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

“எத்தனை நாள் ஆகும்?”

“ஆகும்தான். வருஷக்கணக்காகட்டுமே! உன் பேரு என்ன ஆறது? நீ மருந்து ஊத்தினவள்னு உலகம் பூரா எழுதி வெச்சிருக்கான்!”

“அது வருஷக்கணக்கா காத்துக் கிடக்கும்டா. இறால் கிடக்காது.”

“கையெழுத்து நான் போட மாட்டேன்.”

பஸ் வந்தது, அவள் ஏறிக்கொண்டாள். மறுநாள் காலையில் அவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. போனேன். கரையில் ஒரு இறால் கிடந்தது, காக்கை போட்டுவிட்டுப் போனது. ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. குளத்துக்குள் எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை. விழுந்ததா இல்லையா என்று யார் கண்டது? அக்கா அதை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்துச் சுண்ணாம்பு தூவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“போடுடா” என்றாள்.

மதியம் தொழிற்சாலையிலிருந்து செயலிக்காரர் வந்தார். கையடக்கத் திரையோடு பம்ப் செட் நிழலில் உட்கார்ந்து என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எனக்குச் சக்கரம் தெரியும், மோட்டார் தெரியும். இறாலில் எது ஆண் எது பெண் என்றுகூடத் தெரியாது. ஒவ்வொரு கேள்விக்கும் அக்கா பதில் சொன்னாள், அவர் என் பேரில் அடித்துக்கொண்டார்.

“எத்தனை வருஷ அனுபவம்?”

“ஒன்பது” என்றாள் அக்கா.

“குஞ்சு விடுறதுக்கு முன்னாடி குளத்தை எத்தனை நாள் காயப் போடுவீங்க?”

“முப்பது நாள்.”

“நோய் வந்தா என்ன பண்ணுவீங்க? மருந்து ஏதாவது?”

“எதுவும் ஊத்த மாட்டோம். வந்தா வந்ததுதான்.”

“ரொம்ப நல்லது சார்” என்று அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கடைசியில் பணியாளர் விவரம் வந்தது. “வேலைக்கு ஆள் இருக்காங்களா?”

“ஒருத்தர்” என்றாள்.

“பேர்?”

அக்கா தன் பேரைச் சொல்ல வாயெடுத்தாள். செயலிக்காரர் அவசரமாகக் கையைத் தூக்கினார். “ஐயோ, அது வேண்டாம்மா, முடக்கின பேர் வந்தா இதையும் முடக்கிடும். ‘பெண், ஒன்று’ன்னு போட்டுக்கிறேன்.”

போட்டுக்கொண்டார். அடுத்து படம். வளர்ப்பவர் குளத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி, சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம். வாங்குகிறவர்கள் பாக்கெட்டில் உள்ள கட்டத்தைக் காட்டினால் முதலில் அந்த முகம்தான் வருமாம். நான் முறைத்துக்கொண்டு நின்றேன். ரெண்டு தடவை எடுத்தும் திரை ஏற்கவில்லை.

அக்கா வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கன்னத்தில் இருந்த கிரீஸைத் தன் முந்தானையால் துடைத்தாள். பின்னால் நகர்ந்து, திரையில் விழாத தூரத்துக்குப் போய் நின்றுகொண்டாள்.

“சிரிடா” என்றாள். “சாயங்காலம் லாரி வருது.”

சிரித்தேன். அந்தப் படத்தில் நான் நன்றாகத்தான் விழுந்திருக்கிறேன்.